ஐந்நூற்று எண்பத்தேழு

கிருஷ்ணகிரி ரவுண்டானாவைத் தாண்டி
டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது
அந்த ஃபைனான்ஸ் கம்பெனி.
படி ஏறும்போதே ரப்பர் வாடை.
ஜன்னல் பக்கம் போனால்
கூழ் ஆலைக்குப் போகும் லாரிகளின் மாம்பழ வாடை.
இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்
கோ. நாகவேணி, பி.காம்., வயது முப்பத்தொன்று,
அதாவது நான்.

வேலை: தவணை வசூல்.
சம்பளம் பதினான்காயிரம், பெட்ரோல் தனி.

சம்பங்கி சார் மரியாதையான மனிதர்.
மார்க் ஷீட்டைப் புரட்டவில்லை,
டேலி தெரியுமா என்று கேட்கவில்லை.
பான் நம்பர், போனுக்கு வந்த ஆறு எண்கள்,
கேட்டது இவ்வளவுதான்.
கம்ப்யூட்டரைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு
ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிக்கிறவர் போல
"ஐந்நூத்தி எண்பத்தேழும்மா" என்றார்.

பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
இது அதைவிட அதிகம்தானே என்று
ஒரு கணம் அசட்டுத்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

"எழுநூறு வேணும். ஹெட் ஆபீஸ்ல சொல்றாங்க."
ஹெட் ஆபீஸ் மும்பையில்.
அவரும் போனதில்லையாம்.

போன தை மாதம்
ஓசூர் சிப்காட்டில் எங்கள் லைனை மூடினார்கள்.
மூன்று தவணை தவறியது.
ஒவ்வொன்றும் ஆயிரத்து நூற்று அறுபத்தாறு.
பிறகு சீட்டுத் தள்ளி அபராதத்தோடு கட்டினேன்.
கட்டியதும் அதில் தெரிகிறதாம், தவறியதும் தெரிகிறதாம்.
தவறியதற்குத்தான் ஞாபகம் அதிகம்.

எதன் தவணை?
இந்தப் போனின் தவணை.
"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடும்மா" என்று
சம்பங்கி சார் கூப்பிட்டது இதில்தான்.

"வேலை இல்லாததாலதான் சார் தவறிச்சு."
"அது தவறினதாலதான்மா..."
முடிக்காமல் நிறுத்தினார்.
கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.
எழுந்து போய் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

சார்,
கதவு தட்டும் சத்தத்திலேயே
வந்திருப்பது குழுக் கடனா, வண்டிக் கடனா
என்று சொல்லிவிடுவேன் நான்.
குழுக்காரர்கள் பெயர் சொல்லித் தட்டுவார்கள்,
தெருவுக்கும் கேட்கிற மாதிரி.
வண்டிக்காரர்கள் தட்டுவதே இல்லை.
வண்டி நிற்கிறதா என்று முதலில் பக்கவாட்டில் பார்ப்பார்கள்.
"அம்மா குளிக்கிறாங்க" என்று சொல்கிற பிள்ளையின் கண்
எந்தப் பக்கம் ஓடும்,
காவேரிப்பட்டணத்தில் எந்தச் சந்து வீட்டுக்குப் பின்வாசல் உண்டு,
எல்லாம் தெரியும்.
உங்கள் எழுநூற்றைம்பது ஆளுக்கு
இதை யார் சொல்லித்தருவார்கள்?

சொல்லவில்லை.
பான் கார்டை எடுத்துப் பர்ஸில் வைத்தேன்.

கீழ்ப்படியில் மாதேஷ் உட்கார்ந்திருந்தான்.
எனக்கு முன்னால் உள்ளே போனவன்,
பையூர்ப் பக்கம்,
சட்டையில் மடிப்புக் கலையாத புதுக் கோடு.
"உனக்கு எவ்வளவு?"
"மைனஸ் ஒண்ணுக்கா."

பூஜ்யத்துக்குக் கீழே மார்க் வாங்கியவனை
அன்றுதான் பார்த்தேன்.

அவன் யாரிடமும் வாங்கியதே இல்லை.
வட்டிக்காரன் வாசல் மிதிக்காத வீடு என்று
அவன் அப்பாவுக்கு ஒரு வீம்பு.
வாங்காதவன் ஒழுங்காகக் கட்டுவான் என்று
எப்படித் தெரியும் என்றார்களாம்.
ஏதாவது ஒரு கடன் வாங்கு,
ஆறு மாசம் கட்டு, அப்புறம் வா.
"எதுலக்கா கட்டறது?"

வேகத்தடையில் குதித்த லாரியிலிருந்து
ஒரு பெங்களூரா மாம்பழம் உருண்டு வந்து
எங்கள் எதிரே நின்றது.
இருவரும் பார்த்தோம். எடுக்கவில்லை.
எங்காவது கேமரா இருக்குமோ என்று எனக்கு.
அவனுக்கு என்னவோ.

டவுன் பஸ்ஸில்
அவன் சில்லறை எண்ணிக் கொடுத்தான்.
எனக்குக் கண்டக்டர் முகம்கூடப் பார்க்காமல்
பூஜ்யம் ரூபாய் என்று அச்சடித்த சீட்டைக் கிழித்து நீட்டினார்.
எந்த ஊர் என்று மட்டும் கேட்டார்.
சொன்னேன்.