கழித்தல் குறி இல்லாத கொப்பி

செவ்வாய்க்கிழமை.
தட்டாதெருச் சந்தியில் டிலக்சனின் மோட்டார் சைக்கிள்
திரும்புவதற்கு முன்னமே
எனக்குச் சத்தம் கேட்கும்.

நுண்கடன். எண்பத்துநாலாயிரம்.
பழைய போட்டோக்கொப்பி மெசின் ஒன்று வாங்கினேன்,
டியூட்டரிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் அடித்துக் கொடுக்கலாம் என்று.
மூன்றாம் மாதம் அது கடதாசியைத் தின்னத் தொடங்கிற்று.
ஆறாம் மாதம் அதுவுமில்லை.
இப்போது அதன்மேல் உடுப்பு மடித்து வைக்கிறேன்.

கடன் என்றால் எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு.
சின்னக் கோடுதான், ஊசி அளவு.
கொப்பியைத் திறக்கும்போதெல்லாம்
அதுதான் முதலில் கண்ணில் குத்தும்.

ஒருநாள் இரவு, கரண்ட் போயிருந்த நேரம்,
அடியை மாற்றினேன்.
பத்து அல்ல, பத்தின் எதிர்.
ஒன்றாம் இடம் தரும், பத்தாம் இடம் பறிக்கும்,
நூறு தரும், ஆயிரம் பறிக்கும்,
பத்தாயிரம் தரும், இலட்சம் பறிக்கும்.
எந்த முழு எண்ணுக்கும் இதில் ஒரேயொரு விலாசம்.
முன்னால் குறி வேண்டாம்.

என் கடன் இப்படி வந்தது: 124000.
இலட்சத்தைப் பறி, இருபதாயிரம் கொடு, நாலாயிரம் பறி.
இரண்டு தரம் சரிபார்த்தேன்.
மெழுகுதிரியை ஊதிவிட்டு
பணக்காரி மாதிரிப் படுத்தேன்.

பொய் இல்லை அது.
இலக்கங்களின் தொகை ஒற்றை என்றால் வரவு,
இரட்டை என்றால் கடன்.
குறி எங்கும் போகவில்லை,
நீளத்துக்குள் ஒளிந்து கிடக்கிறது.
முப்பத்தெட்டு வயதில்,
கலியாண வீட்டுக்குத் தனியாகப் போய் வந்த கிழமையில்,
ஒற்றையை வரவென்று எழுதிய கணக்கை
அன்றுதான் முதன்முதல் கண்டேன்.

கூட்டல்தான் கொஞ்சம் குணம் கெட்டது.
ஒரு இடத்தில் பத்து நிரம்பினால்
அடுத்த இடத்துக்கு ஒன்று சேராது,
அங்கே ஒன்று குறையும்.
எங்கள் ஒழுங்கையில் வேலி அடைக்கிற கதைதான்.

"டீச்சர், இவ்வளவு காசை வைச்சுக்கொண்டோ
என்னட்டைத் தவணை கேக்கிறியள்?"
திறந்து கிடந்த கொப்பியில்
142800 என்பதை டிலக்சன் பார்த்துவிட்டான்.
"இலக்கத்தை எண்ணும்" என்றேன்.
விரலால் எண்ணினான். ஆறு.
விளங்கப்படுத்தினேன். அறுபத்தோராயிரத்து இருநூறு, கடன்.
ஹெல்மெற்றைக் கழற்றி மெசின்மேல் வைத்தான்,
மடித்த உடுப்புகளுக்குப் பக்கத்தில்.

"என்ர பைக் லீசிங்கை ஒருக்கா இதில எழுதுங்கோ.
மூன்று இலட்சத்து ஐயாயிரம்."

எழுதினேன். 305000.

பேனையை வாங்கி அவனும் எழுதிப் பார்த்தான். 305000.
பறிக்கிற இடங்களில் மட்டுமே விழுந்த கடன்,
கொடுக்கிற இடமெல்லாம் பூச்சியம்.
உடுத்த உடுப்போடு அப்படியே நின்றது.
"என்ன டீச்சர், மாறேல்லையே" என்றான்.
சிரிக்கத்தான் பார்த்தான்.

ஆயிரத்து இருநூறைக் கொடுத்தேன்.
துண்டு தந்தான், கையெழுத்து வைத்தேன்.
சைக்கிள் சந்தி தாண்டும்வரை நின்றுவிட்டு
142800ஐ வெட்டி 140000 எழுதினேன்.

இன்னும் ஆறு.
ஐந்தில் ஒருநாளும் நிற்காது இது, எனக்குத் தெரியும்.
ஆறிலிருந்து நேரே நாலுக்குக் குதிக்கும்,
நாலிலிருந்து இரண்டுக்கு,
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
வரவுமில்லாமல் கடனுமில்லாமல்
ஒற்றையாய் ஒரு பூச்சியம்.