வேறு குறிப்புகள்

வியாழக்கிழமை, ஏழாம் மாடி.
மஞ்சளாற்றின் மேல் மணற்காற்று.
லான்சோவ் நகரம் முழுக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டது.
சாத்திய ஜன்னலுக்கு உள்ளேயும் ஒரு நகக்கனம் புழுதி.

லுவான் யீத்தோங் கைகழுவி உறை மாட்டுகிறாள்.
மியாவ் குய்ச்சினின் மேற்கையில்
பழைய ஒட்டுத்தாளைத் தோல் நோகாமல் உரிக்கிறாள்.
சிவப்பில்லை. கசிவில்லை.
வெளியே ஐந்து சென்டிமீட்டர்,
உள்ளே முப்பத்தெட்டு.
இதயத்தின் வாசல்வரை போய்
உள்ளே நுழையாமல் நிற்கும் குழாய்.

மூடியைத் துடைக்கப் பதினைந்து நொடி.
எண்ணாமல் துடைப்பவர்கள் உண்டு.
இவள் எண்ணுவாள்.
அப்புறம் உப்புநீர்:
தள்ளு, நிறுத்து, தள்ளு, நிறுத்து.
நீர் சுழன்றால்தான் சுவரில் ஒட்டியது கழன்றுபோகும்.
ஒரே மூச்சில் தள்ளினால்
நடுவில் மட்டும் ஓடிவிட்டு
ஓரங்களை அடைக்க விட்டுவிடும்.

"நீ யார் வீட்டுப் பெண்?" என்கிறாள் குய்ச்சின்.
போன வியாழனும் கேட்டாள்.
கேட்டுக்கொண்டே குழாயின் நுனியைப் பிடித்து
முடிச்சுப் போடப் பார்க்கிறாள்.
அவளுக்கு அது சணல் நூல்.
முப்பத்தொரு வருஷம் மருந்துக்கடையில்
கைத்தராசில் வேர் நிறுத்து
காகிதத்தில் மடித்து
குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டிக் கொடுத்த விரல்கள்.
மூன்று முறை பிடுங்கப் பார்த்தபின்
லுவான் ஒரு முழம் நிஜச் சணல் கொண்டுவந்தாள்.
அன்றிலிருந்து குழாய் தப்பித்தது.

ஆய்வில் இருநூற்றுப் பதினாறு பேர்.
பாதிப் பேருக்குக் கஷாயம்.
பாதிப் பேருக்குக் கஷாயம் மாதிரி:
கருக்கிய சர்க்கரையில் நிறம்,
எதையோ சேர்த்துக் கசப்பு.
யாருக்கு எது என்று
குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது.
இரட்டைக் கண்கட்டு.
பெட்டகத்தில் ஓர் உறை;
நவம்பரில் பிரிப்பார்கள்.

இன்று என்ன கிழமை? தெரியாது.
இது எந்த மாகாணம்? தெரியாது.
பென்சிலைக் காட்டினால், "குச்சி."
மகனைக் காட்டினால் சிரிப்பு.
முப்பதுக்குப் போன மாதம் பதினொன்று,
இந்த மாதம் ஒன்பது.

கிண்ணம் வந்தது.
வாங்கினாள், வாயருகே கொண்டுபோனாள், நிறுத்தினாள்.
ஆவியை ஒருமுறை இழுத்தாள்.
குரல் திடீரென்று கடைக்காரக் குரலானது:
"சாங்பூ எங்கே?
சாங்பூ இல்லாமல் யார் இதை நிறுத்தது?"

சாங்பூ:
ஈரப் பாறையிடுக்கில் வளரும் வேர்.
அதன் பங்காளிதான் நம் வசம்பு.
விளக்கு வைத்தபின் உச்சரிக்கக் கூடாதென்று
'பேர் சொல்லாதது' என்றே கேட்டு வாங்குவோமே, அது.
மகன் பேரைச் சொல்லாதவள்
அந்தப் பேரைச் சொல்லிவிட்டாள்.

லுவான் போனில் டாக்டர் புவ்வைக் கூப்பிடுகிறாள்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு: "இந்த நோயில் மூக்குதான் முதலில் போகும்.
அவள் எதை முகர்ந்தாளோ."
பிறகு: "வேறு யாராவது கேட்டார்களா?"
பிறகு, மெதுவாக: "பதிவு செய்."

எதில்?
மதிப்பெண் தாளில் மூக்குக்குக் கட்டம் இல்லை.
அவள் கையில் இருப்பது குழாய்ப் பராமரிப்புப் பதிவேடு.
நுழைவாய்: சுத்தம்.
வெளி நீளம்: மாற்றமில்லை.
அடைப்பு: இல்லை.
வேறு குறிப்புகள் —
அங்கே பேனா நிற்கிறது.
எழுதினால் ஒரு கண்கட்டு அவிழும்.
எழுதாவிட்டால்
முப்பத்தொரு வருஷம் தராசு பிடித்தவள்
ஒரு கிழவியின் பிதற்றலாகிவிடுவாள்.

'நோயாளி ஒன்று குறைகிறது என்கிறார்' என்று எழுதினாள்.
எது என்று எழுதவில்லை.
நேரம் போட்டாள்: 9.40.

குய்ச்சின் இதற்குள்
கஷாயத்தை, அல்லது கஷாயம் மாதிரியை,
ஒரே மூச்சில் குடித்துவிட்டு
கிண்ணத்தைக் கவிழ்த்து
சணலால் குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டி
லுவானிடம் நீட்டுகிறாள்:

"திருப்பிக் கொடு.
காசு வாங்காதே."