எட்டரை மணி வெளிச்சம்

மருந்துப் போத்தல்களுக்குள் கிடக்குமே சின்ன வெள்ளைப் பொட்டலங்கள்,
'உண்ணக் கூடாது' என்று எழுதி,
அவற்றை ஆவணியிலிருந்து சேர்த்தேன்.
லென்ஸ் வந்தது கார்த்திகையில்.
வவுனியாவில் கலியாணப் படம் பிடித்தவர்
கனடா போக முன் விற்றது.
உள்ளே, ஓரமாக, ஒரு பூஞ்சை இழை,
தலைமயிரை விடச் சன்னம்.
"படத்தில விழாது" என்றார். விழவில்லை.
ஆனாலும் அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும்.

பிஸ்கட் தகரத்தில், பொட்டலங்களின் நடுவே,
அரை மாதச் சம்பளம் உறங்குகிறது.
மழைக்குப் பாண் பை.
முக்காலிக்குத் தனிக் காசு; ஒரு காலின் திருகு இறுகாது,
ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் சுற்றியிருக்கிறேன்.

மல்லாவியில் மருந்து கொடுப்பது வேலை.
சனிக்கிழமைகளில் வவுனிக்குளம்.
மார்கழி, விடிய ஐந்தரை.
ஸ்கூட்டி விளக்கைப் பத்தடியில் பனி தின்றுவிடும்.
கோயில் ஒலிபெருக்கி எங்கோ இடப்பக்கம்,
குளம் வான் பாயும் இரைச்சல் வலப்பக்கம்,
இடையில் நானும் விறைத்த பத்து விரல்களும்.

முதல் மூன்று கிழமை ஒன்றும் சரிவரவில்லை.
நீர்க்காகம் அசைந்துபோனது.
கொக்கு என்று நாற்பது படம் எடுத்தது
முள்ளுக்கம்பியில் கொழுவிய உரப்பை.

நான்காம் சனி வயல் வரம்பில் முக்காலியை விரித்தேன்.
நெல் குடலைப் பருவம்.
பனிக்குள்ளிருந்து முதலில் மண்வெட்டி வந்தது,
பிறகுதான் ஆள்.
நீளக்கைச் சேட்டு, காதை மூடிக் கட்டிய துவாய்.
"எந்தத் திணைக்களம்?"
"ஒரு திணைக்களமும் இல்லை."
"அப்ப என்ன அளக்கிறியள்?"
"வெளிச்சத்தை" என்றேன், பகிடியாக.

அவள் சிரிக்கவில்லை.
மூன்று காலில் வந்து நிற்கும் எதுவும்
இந்தப் பக்கம் ஒரு கல்லை நட்டுவிட்டுத்தான் போகுமாம்.

துவாயைத் தளர்த்தினாள். யோகமலர்.
பிரசர் குளிசை, காலை ஒன்று, இரவு ஒன்று.
அவளும் என்னைக் கண்டுபிடித்தாள்:
"ஐயோ, யன்னலுக்க நிக்கிற பிள்ளை!"

கூட்டிப்போய்க் கல்லைக் காட்டினாள்.
மஞ்சள் பூச்சு, ஒரு இலக்கம்.
"போன மாரிக்கு அந்தப் பாலையடியில நிண்டது.
இந்த மாரிக்கு நடந்து வந்திட்டுது."
பிறகு, "படத்தில திகதி விழுமா?"
கலியாண வீட்டுக்காரர் மட்டும் கேட்பது என்று
நான் அணைத்து வைத்திருந்த எழுத்து.
தேடிப்பிடித்து ஏற்றினேன்.

எடுத்தேன். சொன்னால் நம்புங்கள்,
அந்த மாரியின் ஒரே நல்ல படம்:
கல் மட்டும் கூராக, அதன் தலையில் நீர்முத்து,
பின்னால் உலகமே இல்லை.
திரையைக் குனிந்து பார்த்தாள்.
"வடிவுதான். ஆனா வயல் எங்க? பாலை எங்க?
இந்தக் கல்லு எங்கையும் நிக்கலாமே."

காத்திருந்தோம்.
அவள் வாய்க்கால் உடைப்பை மண்போட்டு அடைத்தாள்.
நான் லென்ஸைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன்.
ஏழு. ஏழரை.
எதற்காக நித்திரை முறித்து வந்தேனோ அந்த வெளிச்சம்
எங்களைக் கடந்து போனது. மூடியைக் கழற்றவில்லை.
ஆள்காட்டி ஒன்று ஓயாமல் கத்தியது.

எட்டரைக்குப் பனி விட்டது.
கழுவிக் கவிழ்த்த சட்டி போல வானம்,
நிறமெல்லாம் தட்டை.
துவாரத்தைப் பதினொன்றுக்குச் சுருக்கினேன்:
கல், வரம்பு, நெல், பாலை,
பாலைக்குப் பின்னால் துருசின் இரும்புச் சில்லு,
எல்லாம் ஒரேயளவு கூர்.
உயரம் தெரிய மண்வெட்டியைக் கல்லோடு சாத்தினாள்.
தான் நிற்கமாட்டாளாம்.
"நான் எதுக்கு? கல்லை எடுங்கோ."

ஸ்டூடியோவில் ஆறு பிரதி.
"அக்கா, வானத்தைக் கொஞ்சம் நீலமாக்கட்டா?"
"தொடாதை!"
நிதர்சன் கையை எடுத்துவிட்டான். இவ்வளவு சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை.

திங்கள், மருந்து யன்னலடியில்
திகதியை விரலால் தடவிப் பார்த்தாள், மை அழியுமா என்று.
"மச்சாளின்ர காணியிலயும் ஒண்டு நிக்குது.
சனிக்கிழமை வருவியளோ?"

பனிப் படத்தை அவளிடம் கொடுக்கவில்லை, அவள் கேட்கவுமில்லை.
வெள்ளி இரவு
முக்காலியின் அந்தக் காலுக்கு
இன்னொரு சுற்றுப் பிளாஸ்டர் போட்டேன்.