நாலு சுற்று

பெட்டியின் அடியிலிருந்து அம்மா எடுத்த பாயைக் கண்டதும்
கலோலைனே அழத் தொடங்கினாள்.
ஓரமெல்லாம் நார் நாராய்த் தொங்கியது.
நடுவில் ஒரு பொத்தல், என் கட்டைவிரல் நுழையுமளவு.
புதுசு இருக்கிறதே,
வெள்ளைவெளேரென்று, வண்ண நூல் கோத்து!
"அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போ.
நாளைக்கு வருவது அரசர்."
எங்கள் டோங்காவில் அப்படித்தான்.
எத்தனை கிழிசலோ அத்தனை மரியாதை.

பாய் ஆள் உயரம். ஆளுக்கோ ஏழு வயது.
நெஞ்சில் தொடங்கிக் கணுக்கால் வரை
தாழை மணக்க மணக்க
நாலு சுற்று.
தென்னைநார்க் கயிற்றை இறுக்கி
முழங்காலால் ஒரு முட்டுக் கொடுத்தாள் அம்மா,
மூட்டை கட்டுகிறவள் மாதிரி.
"மூச்சு வருதா?"
"கொஞ்சம்."
"போதும்."

நுகுவாலோபா கடற்கரைச் சாலை நெடுக
மரப்பட்டைத் துணி விரித்திருந்தார்கள்.
அந்தப் பக்கம் சின்ன வகுப்புப் பிள்ளைகள்.
இந்தப் பக்கம் எங்கள் பித்தளை வாத்தியக் குழு,
அதில் மூன்றாவது டிரம்பெட் நான்.

விசில் சத்தம்.
அரசர் கடக்கையில் அவர் தலைக்கு மேல்
எந்தத் தலையும் நிற்கக் கூடாது.
தெருவே சம்மணமிட்டது.
அவள் மட்டும் நின்றாள்.
முட்டி மடங்கவில்லை, இடுப்பு மடங்கவில்லை,
அலைவாய்க்கரையில் ஊன்றிய படகுக்கழி.
டீச்சர் கையைப் பிடித்து இழுத்தார்.
முனையில் கறுப்புக் கார் திரும்பிவிட்டது.
என் உதட்டிலோ டிரம்பெட்.
படுடீ என்று எப்படி ஊதுவது?

என்னைப் பார்த்தாள்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
வெட்டின வாழையாய்
பின்பக்கமாக, நேராக,
சாய்ந்தாள்.

அப்போது நான் ஊதிய சுரம்
எந்தத் தாளிலும் எழுதப்படாதது.

ராத்திரி வீடு முழுக்க அதே பேச்சு:
பதக்கம், தொப்பி, யாரைப் பார்த்துச் சிரித்தார்.
அவள் அரசரைப் பார்க்கவே இல்லை.
"நீளவால் பறவை ஒண்ணு போச்சு," என்றாள்,
"காருக்கு நேர் மேலே.
அதை யாருமே திட்டலை."
பிறகு என் பக்கம் திரும்பி,
"சியோசாயா, நீ தப்பா ஊதினே."

அம்மா முடிச்சை அவிழ்த்தாள்.
பாய் சுற்றுச் சுற்றாய்க் கழன்று விழ
அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள்.
எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.
சட்டையையும் தாண்டி வயிற்றில் பதிந்திருந்தது பின்னல்,
குறுக்கும் நெடுக்குமாய்.
பொத்தல் இருந்த இடத்தில் மட்டும்
வழவழவென்று ஒரு வட்டம்.