பிப்ரவரிக்கு ஒரு தீவு

தீவின் பெயரைத் தொபியாஸ் முதலில் சொன்னபோது
ஏதோ பிஸ்கட் என்று நினைத்தேன்.
பெக்வே.
கைப்பேசியில் வரைபடத்தை விரிக்க விரிக்க
நீலமே வந்துகொண்டிருந்தது.
கடைசியில் ஒரு மிளகு.

நான்கு தடவை அதைக் கடந்திருக்கிறார்,
ஒருதடவைகூட இறங்கியதில்லை.
சரக்குக் கப்பலின் என்ஜின் அறையிலிருந்து
காற்று வாங்க மேலே வந்த பத்து நிமிடத்தில்
இரவல் பைனாகுலரில் பார்த்தாராம்:
மணலில் ஆட்கள் படுத்திருந்தார்கள்.
"வலை காயப் போட்டுருந்தாங்களா?"
"இல்ல."
"வள்ளம் வரக் காத்துக் கெடந்தாங்களா?"
"சும்மா கெடந்தாங்க, ஜெனோவா. சும்மா."

கூட்டப்புளியில் பிறந்து
நாற்பத்து நான்கு வருடம் இந்தக் கரையில் இருக்கிறேன்.
மணலில் சும்மா கிடந்து நான் பார்த்தது
அலை ஒதுக்கிய ஆமையும்
திருவிழா முடிந்த மறுநாள் என் கொழுந்தனும்தான்.

வள்ளியூர் கூட்டுறவு வங்கியில்
அடுத்தவர் நகையை எடை போடுகிறவள் நான்.
மதியம் டப்பாவைத் திறக்குமுன்
எக்செல்லில் ஒரு தாள் திறந்தேன்.
'மாடி ஒழுக்கு' என்று பெயர் வைத்தேன்,
மேலாளர் எட்டிப் பார்ப்பார்.

திருவனந்தபுரத்தில் ஏறினால் மூன்று விமானம்,
பிறகு ஒரு படகு.
விமானம் மாறுகிற ஊரில்
வெளியே காலே வைக்காவிட்டாலும் விசா வேண்டுமாம்.
"வாசல்ல நிக்கதுக்கும் வாடகையா?" என்றேன்.
ஜூன் தொட்டு நவம்பர் வரை அங்கே புயல்.
கச்சானை மூக்கால் அறிகிற எங்களுக்கு
அந்தப் பக்கத்துக் காற்றின் பேர் தெரியவில்லை.
பிப்ரவரி என்றால் தவக்காலம் இடிக்கும்.
சாம்பல் புதனுக்குள் திரும்பிவிடலாமென்று
காலண்டரில் பதினோரு நாளை வட்டமிட்டார்,
பென்சிலால்.
மகளின் கல்லூரிக் கட்டணம்
தாளில் சிவப்பாக இருக்கிறது, ஒன்பதாவது வரியில்.
அதற்குக் கீழே இறங்கும்போது
மவுஸைக் கொஞ்சம் வேகமாக உருட்டுகிறேன்.

நெல்லை வண்ணார்பேட்டைக் கடையில்
நீச்சல் உடை கேட்டேன்.
"எத்தன வயசுப் பிள்ளைக்குக்கா?"
"நாப்பத்தி நாலு."
அவள் சிரிக்கவில்லை. ஏணி போட்டு ஏறி
தூசி தட்டி ஒரு பொட்டலம் எடுத்து வந்தாள்.
முழுக்கை, கணுக்கால் வரை, கரும்பச்சை.
எனக்கு நீந்தத் தெரியாது.
ஆண்கள் உள்ளே போவார்கள்,
நாங்கள் கரையில் நின்று ஏலம் கேட்போம்.
கடல் எனக்கு எப்போதும்
கொலுசு நனைகிற அளவுதான்.

போன ஞாயிறு முதல் பூசை முடிந்ததும்
"ஒரு ஒத்திகை பாப்பமா?" என்றார்.
தூண்டில் வளைவுக்கு அப்பால்
பழைய போர்வையை விரித்து
இருவரும் மல்லாந்தோம்.
முதுகுக்குக் கீழே மணல்
இடம் கொடுத்து, இடம் கொடுத்து,
பிறகு பிடித்துக்கொண்டது.
இத்தனை அகலமா வானம்?
அலையின் சத்தம் காதுக்குள் வராமல்
தோள்பட்டை வழியாக வந்தது.
அவர் விரல்கள் என் விரல்களைத் தேடிக்கொண்டிருந்தன.

மூன்று நிமிடம் இருக்கும்.
"எம்மா, ஓடியாங்க! ஜெனோவா விழுந்து கெடக்கா!"
பனிமேரியின் குரல்.
வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஊசியோடு வந்தார்கள்.
யாரோ என் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள்.
யாரோ நூற்றி எட்டுக்குப் போன் போட்டார்கள்.
ஒரு பையன் கோலி சோடாவை உடைத்து
என் முகத்தில் பாதி, வாயில் பாதி ஊற்றினான்.
பக்கத்தில் தொபியாஸும் கிடப்பதைக் கண்டு
கூட்டம் ஒரு கணம் பேச்சற்றது.
பனிமேரி என் தாடையைப் பிடித்துத் திருப்பி
வாயை மோந்து பார்த்தாள்.
"என்னத்தட்டி குடிச்சிய ரெண்டு பேரும்?
எவ்வளவு கடன்? சொல்லு, பாத்துக்கிடலாம்."

அவள் கை நடுங்கியதில்
எனக்குச் சிரிப்பு வந்து, நின்றுவிட்டது.

திங்கள் மதியம் தாளில் ஒரு வரி சேர்த்தேன்:
'அங்கே சோடாவோடு யாரும் ஓடி வர மாட்டார்கள்.'
வரவா, செலவா?
தொகைக் கட்டத்தில் கர்சர்
துடித்துக்கொண்டே இருந்தது.
சாப்பாட்டு நேரம் முடிந்து
கவுண்டரில் ஒருத்தி வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
மூடிவிட்டேன், சேமித்துத்தான்.

சோடா பாட்டில் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.
திருப்பிக் கொடுக்க வேண்டும்.