மேஸ்திரி நனைத்த இடங்கள்

முதலில் கால்மிதி.
தெரியாமல் நடந்தது என்று விட்டுவிட்டேன்.
அப்புறம் அரிசிச் சாக்கின் அடி.
அப்புறம், ஐப்பசி மழையில் ஒன்பது நாளாகக் காயாமல்
ஹீட்டர் முன்னால் நாற்காலியில் கிடந்த
என் ஒரே கருநீலக் கம்பளிச் சட்டை.
போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.
வர்க்கி வாங்க வந்த பெண்
தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் வேண்டாம் என்றாள்.

கோத்தகிரியில் ஏழு மணிக்கு மேல்
பூனைக்காகக் கதவைத் திறக்க முடியாது.
டானிங்டனில் குப்பைத்தொட்டி உருட்டும் கரடி
எங்கள் சந்துக்கும் வரும்.
சிறுத்தைக்கு நாயென்றும் பூனையென்றும் பேதமில்லை.
அதனால்தான் அந்த பிளாஸ்டிக் தொட்டி.
விற்கிற மணலுக்குக் கட்டுப்படியாகாமல்
தேயிலை ஃபேக்டரியில் கழித்துப்போட்ட நாரைப்
பையில் அள்ளிவந்து நிரப்பினேன்.
மேஸ்திரி மோந்து பார்த்தான்.
நிரை பிரித்துக் கொடுப்பவனைப்போல்
நாலு மூலையும் அளந்து, ஒன்றில் உட்கார்ந்தான்.
இரண்டு வருஷம்
ஒரு சொட்டு வெளியே இல்லை.

இப்போது இப்படி.

வீட்டுக்காரர் போஜன் படியிறங்கி வந்தார்.
"என்னம்மா, மேல வரைக்கும் வாடை."
அடுத்த மாச வாடகையோடு
பூனையைப் பற்றியும் ஒரு முடிவு சொல்லச் சொன்னார்.

தைலம் வாங்கினேன்.
சளிக்கு, தலைவலிக்கு, மூட்டைப்பூச்சிக்கு,
இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதானே.
தரையில் ஊற்றினேன், சுவரில் தேய்த்தேன்,
தொட்டியையும் அதிலேயே கழுவினேன்.
அன்றைக்கு ராத்திரி மேஸ்திரி
தொட்டிப் பக்கம் வந்து இரண்டு தும்மல் போட்டுத் திரும்பினான்.
என் தலையணை.

அடித்தேன்.
சுருட்டிய காலண்டரால், ஒரே தடவை.
சத்தம்தான் பெரிது என்று சொல்லிக்கொள்கிறேன்.

விடிகாலை, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் நின்றான்.
வால் நடுங்க, கண்ணை இறுக்கி, முக்கிக்கொண்டு.
கதவிடுக்கில் விரல் நசுங்கியவர்
வாயை மூடிக்கொண்டு கத்துவதுபோல் ஒரு குரல்.
வெள்ளைப் பீங்கானில் ஐந்து சொட்டு.
ரோஜா நிறம்.

எனக்கு அந்த நிறம் தெரியும்.

கடையில் கக்கூஸ் சாவி முதலாளியின் இடுப்பில்.
கேட்டால் தருவார்.
கேட்கும்போது யார் யார் நிற்கிறார்கள் என்பதுதான்.
ஒன்பதிலிருந்து ஏழுவரை
தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.
குளிரில் தாகமும் எடுக்காது, வசதி.
போன மார்கழியில் எனக்கும் வந்தது.
ஒருத்தரிடமும் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரிச் சீட்டைக்கூட
பிஸ்கட் டின்னுக்கு அடியில் வைத்தேன்.

மேஸ்திரிக்கு ஒளித்துவைக்கத் தெரியவில்லை.
என் கை எங்கெல்லாம் படுமோ
அங்கெல்லாம் எழுதிவைத்திருக்கிறான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால்
ஓர் எருமை, இரண்டு ஆடு.
டாக்டர் லிடியா அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார்.
"மணல் மாதிரி உப்பு. இன்னும் அடைக்கல, நல்லவேளை.
எத்தனை நாளா?"
நாள் தெரியவில்லை. சாமான்களைச் சொன்னேன்:
கால்மிதி, சாக்கு, சட்டை, தலையணை.
"குளிர்ல இதுங்க தண்ணி குடிக்காது,
நீங்கதான் குடிக்கவைக்கணும்.
அந்தத் தைலத்த மொதல்ல கழுவி விடுங்க."

மீன்தலை வேகவைத்த தண்ணீர், வெதுவெதுப்பாக, மூன்று வேளை.
தொட்டிக்கு வெறும் வெந்நீர், புது நார்.
மேஸ்திரி இன்னும் என்னை நம்பவில்லை.
நேற்று இரண்டு கால் தொட்டிக்குள், இரண்டு கால் வெளியே.
பாதிதான் உள்ளே விழுந்தது.
துடைத்தேன்.

இன்று பதினொரு மணிக்கு
பால்காரரும் சிலிண்டர் வண்டிக்காரரும் நிற்கும்போதே
சாவி கேட்டேன்.
முதலாளி கணக்கு நோட்டிலிருந்து கண்ணெடுக்காமல்
கொக்கியைக் கழற்றினார்.

வாடகைக்கு இன்னும் ஆறு நாள்.
துவைத்த சட்டை காயவில்லை.
ஈரத்தோடு போட்டிருக்கிறேன்.
கிட்டே வந்தால்
கொஞ்சம் நாறும்.