இரண்டு கிலோ

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்.
ஏழாம் மாடிக்கு இருபது தெத்ரி.
ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று
இருவர் பையிலும் சில்லறை இல்லை.
மார்பில் தையலோடு நான் கீழே நிற்க
லமாரா கடைக்கு ஓடி
வேண்டாத தீப்பெட்டி ஒன்று வாங்கி
காசு மாற்றி வந்தாள்.
அதுவரை எனக்குத் துணை
கதவைச் சரியாக மூடத் தெரியாத அந்தப் பெட்டி,
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபடி.

டாக்டர் சொன்னது ஒரே ஒரு எடை.
எட்டு வாரத்துக்கு
இரண்டு கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள்.
நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறோம்,
வேலிக்குக் கட்டுவோமே அப்படி, என்று சிரித்தார்.
எனக்கு வேலி கட்டத் தெரியும்.
அதனால் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே சமையலறைத் தராசை
மேசையில் போட்டு வீட்டை நிறுத்தோம்.
அவள் வைத்தாள், நான் எழுதினேன்.
கெட்டில், பாதித் தண்ணீரோடு: ஒன்றரை.
முழுசாக: கூடாது.
என் குளிர்காலக் கோட்டு: இரண்டே கால். கூடாது.
ரொட்டி: தாராளம்.
துளை போடும் மெஷினை அவள் எடுத்தே வரவில்லை.
பூனை பிஸோ: நாலு கிலோ முந்நூறு,
அதுவும் வாலை வெளியே தொங்கவிட்டு.

முப்பது வருடம்
தண்டவாளம் மாற்றிய கைகள்.
இப்போது ஊறுகாய் ஜாடியைப் பார்த்தால்
கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கின்றன.

இருமல் வந்தால் தலையணையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.
அதைச் சொல்லிக்கொடுத்தவன்
பக்கத்துக் கட்டில் ஜும்பர்.
எனக்கு நாலு நாள் முன்னால் அறுக்கப்பட்டவன்,
அதனால் சீனியர்.
"கடன்காரன் ஓடிவிடாமல் பிடிப்பது போல
இறுக்கிப் பிடி" என்பான்.
இரவில் அவன் இருமுவான், பிறகு நான்.
தெருவின் இரண்டு முனையில் இரண்டு நாய்கள்.

வியாழன் விடியலில் அவன் கட்டில் காலி.
விரிப்பு மாற்றியிருந்தார்கள்.
யாரோ ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள்.
நான் யாரையும் கேட்கவில்லை.

வீட்டில் பையைக் கொட்டியபோது
என் செருப்பு இல்லை.
பழுப்புத் தோலில் ஒரு ஜோடி,
நாற்பத்தைந்தாம் எண்,
இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது.
ஜும்பர் அப்படித்தான் சாய்ந்து நடப்பான்.
லமாரா அதைத் தராசில் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.
அறுநூற்று நாற்பது கிராம்.
தூக்கலாம்.
தூக்கவில்லை.

பதினோரு நாள்.
உப்பில்லாத பீன்ஸ்.
படுக்கையிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து படுக்கை.
எதிர்க் கட்டடத்தில் ஒருத்தி
கம்பளம் அடிக்கும்போது
ஒவ்வொரு அடிக்கும் என் மார்பு சுருங்குகிறது.
இரவில் லமாரா
தூங்குவது போல நடித்து என் மூச்சை எண்ணுகிறாள்.
நான் தூங்குவது போல நடித்து
எண்ண விடுகிறேன்.

பன்னிரண்டாம் நாள் அவள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள்.
மாத்திரை அட்டையின் பின்னால்
அவன் கிறுக்கிக் கொடுத்திருந்த எண்ணை அழுத்தினேன்.
"சொல்லுங்கள்." ஒரு பெண் குரல்.
என்ன சொல்ல?
உங்கள் வீட்டுச் செருப்பு என்னிடம் இருக்கிறது என்றா?
அதை நலம் விசாரிக்கும் குரலில் சொல்வதா,
துக்கம் விசாரிக்கும் குரலிலா?
"ஹலோ, யாரது?"
அப்போது அவளுக்குப் பின்னால், எங்கோ உள்ளறையில்,
ஒரு இருமல்.
இரண்டு குட்டை, ஒரு நீளம்,
கடைசியில் ஒரு கெட்ட வார்த்தை.

ராங் நம்பர், மன்னியுங்கள், என்று வைத்துவிட்டேன்.

அப்படியானால் என் செருப்பு அவன் காலில்.
என் நாற்பத்திரண்டுக்குள்
அந்த யானைக் கால் எப்படி நுழைகிறது?
தலையணை எட்டவில்லை.
வெறுங்கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
கம்பி ஒவ்வொன்றும் தன் இடத்தைச் சொன்னது.

லமாரா வந்தபோது
ஜும்பரின் செருப்புக்குள் கால் விட்டு
பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.
அவள் செருப்பைப் பார்த்தாள்.
பிறகு மடியில் சுருண்டிருந்த பூனையை.
"நாலு முந்நூறு" என்றாள்.

நான் தூக்கவில்லை, லமாரா.
அதுவாக ஏறியது.